ஆறு விரல் வெள்ளிக்கால்

ஜெர்மனியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலை மூடுவதற்கு இடி விழவேண்டியதில்லை, வெள்ளம் வரவேண்டியதில்லை. ஒரு கூட்டமும் அதைப் பற்றிய ஒரு குறிப்பும் போதும். 2006ஆம் ஆண்டு தவக்காலத்தில், வுப்பர்டாலிலிருந்து ரயிலில் அரைமணித் தூரத்திலுள்ள ஒரு நகரத்தில் அப்படியொரு கூட்டம் நடந்தது. பெயரைச் சொன்னால் கூடியவர்கள் வக்கீல் கடிதம் அனுப்புவார்கள், ஆகையால் பெயர் வேண்டாம். கோயில் நிர்வாகத்தில் ஏழு பேர் கூடி, பூசைக்கு வருகிற சனம் போதாது என்று தீர்மானித்து, கோயிலைச் சுவரேறிப் பழகும் விளையாட்டு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோயிலின் பாதி வாங்கில்களை நிறைத்து உட்கார்ந்தவர்கள் மன்னார், யாழ்ப்பாணத்துச் சனங்கள். சனத்தை எண்ணியபோது அவர்களையும் சேர்த்து எண்ணினார்களா என்பது குறிப்பில் இல்லை.

அந்தக் கோயிலின் இடதுபக்கப் பீடத்தில் ஒரு வியாகுல மாதா இருந்தார். மரத்தில் செதுக்கிய சுரூபம். இறந்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு, மெழுகுதிரிப் புகையில் கறுத்துப்போய், எப்போதோ யாரோ பூசிவிட்ட நீலப்பூச்சு உதிர உதிர உட்கார்ந்திருந்தார். கோயிலைக் காலிசெய்ய வந்த நிபுணர் ஒருவர் முழங்காலருகே பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். கீழே இன்னொரு பூச்சு. அதற்கும் கீழே இன்னொன்று. "ஏறத்தாழ 1430" என்றார். அன்று மத்தியானமே மாதாவைப் பஞ்சுத்தாளில் சுற்றி நகர அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். காலைவரை மாதாவாக இருந்தவர் மாலையில் பொருள் எண் 4/117 ஆகிவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டவள் பேர்பெச்சுவா. மன்னார் பேசாலைக்காரி, ஐம்பத்தொரு வயது, ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. அவளுடைய கணவர் யோசேப்பின் இடது பாதத்தில் தொழிற்சாலையில் இரும்புக் கட்டொன்று விழுந்திருந்தது. சலரோகம் என்கிற நீரிழிவும் இருந்தபடியால் காயம் ஆறவில்லை. பாதத்தை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொன்ன அன்று பேர்பெச்சுவா நேரே மாதாவிடம் போய், முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தாள். பாதத்தைக் காப்பாற்றித் தந்தால் வெள்ளியில் ஒரு கால் செய்து உங்கள் காலடியில் வைப்பேன். மாதா தன் பங்கைச் செய்தார். காயம் ஆறியது. பேர்பெச்சுவா தன் பங்கைச் செய்வதற்குள் மாதாவின் விலாசம் மாறிவிட்டது.

வெள்ளிக்காலைச் செய்தவன் ரவிச்சந்திரன். வுப்பர்டாலில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் பின்னறையில் நகைவேலை செய்பவன். தாலி செய்திருக்கிறான், தோடு செய்திருக்கிறான். கால் செய்ததில்லை. பேர்பெச்சுவாவின் பழைய கொலுசை உருக்கி, உள்ளங்கை அளவில் ஒரு பாதம் செய்து, எல்லா வேலையிலும் போடுவதுபோல அடியில் ஆர், சி என்று தன் பெயரின் இரண்டு எழுத்தையும் வெட்டிக் கொடுத்தான்.

பேர்பெச்சுவா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தம்பி, இதிலை ஆறு விரல் கிடக்கு."

ரவிச்சந்திரன் வாங்கி எண்ணினான். "ஓம் அக்கா. ஒண்டு கூடத்தானே, குறையேல்லையே."

நேர்த்தியில் கூடுவது குற்றமில்லை என்பதால் பேர்பெச்சுவா அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு, மகள் நடாலியுடன் அருங்காட்சியகத்துக்குப் போனாள்.

மாதாவை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நீலத்தைச் சுரண்டியிருந்தார்கள். புகையைக் கழுவியிருந்தார்கள். அங்கங்கே சிவப்பும் மரமும் தெரிய, வெள்ளை மண்டபம் ஒன்றின் நடுவில் தனியே விட்டிருந்தார்கள். பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. அதில் இரண்டு விடயம் இருந்தது. ஒன்று, 'பிற்கால அழுக்கு அகற்றப்பட்டது.' அந்தப் பிற்கால அழுக்கு பதினெட்டு வருடம் தாங்கள் கொளுத்திய மெழுகுதிரி என்பது பேர்பெச்சுவாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிள்ளைப்பேற்றுக்கு ஏற்றியது, விசாவுக்கு ஏற்றியது, கொழும்பில் பிடிபட்ட தம்பிக்காக ஏற்றியது எல்லாம் பஞ்சில் ஒற்றியெடுத்துக் குப்பைக்குப் போயிருந்தது.

மற்றது ஒரு நீளமான ஜெர்மன் சொல். "இது என்னம்மா?" என்று மகளைக் கேட்டாள்.

"கும்பிடுறதுக்கெண்டு செய்த சுரூபம் எண்டு எழுதிக் கிடக்கு அம்மா."

அப்படி எழுதியே வைத்திருக்கும்போது வேறென்ன யோசனை? பேர்பெச்சுவா முழங்காலில் நின்றாள். அருள்நிறைந்த மரியே செபம் பாதி வருமுன் காவலாளர் புட்கே ஓடிவந்தார். இங்கே முழங்காலில் நிற்கக்கூடாது என்றார்.

"கும்பிடுறதுக்கெண்டு எழுதியிருக்கே," என்றாள் நடாலி ஜெர்மனில்.

புட்கே பலகையைப் பார்த்தார். இருபது வருடமாக அங்கே நிற்கும் மனிதர், பலகையை வாசித்தது அன்றுதான் முதல்முறை போலிருந்தது. "அது அந்தக் காலத்து ஆட்களுக்கு," என்றார். "இந்தக் காலத்து ஆட்கள் பார்க்கலாம். எண்பது சென்றிமீற்றர் தள்ளி நின்று."

வெள்ளிக்காலை வைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுக்கவேண்டும் என்று வரவேற்பறையில் சொன்னார்கள். நடாலி எழுதிக் கொடுத்தாள். ஆறு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்புச் செய்யலாம், ஆனால் காட்சிப்பொருளுக்கு அன்பளிப்புச் செய்ய விதியில்லை, ஏனெனில் காட்சிப்பொருள் சட்டப்படி எதையும் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையதன்று. செபத்தைப் பொறுத்தவரை, உதடு அசையாமலும் கைகூப்பாமலும் செய்வதற்கு நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை. கீழே பணிப்பாளர் டொக்டர் வெசல்ஹோஃபின் கையொப்பம்.

யோசேப்பு வாசிக்கக் கேட்டுவிட்டு, "உதடும் அசையக்கூடாது, கையும் அசையக்கூடாதெண்டா, செத்தவனைத்தான் அனுப்பவேணும்," என்றார்.

பேர்பெச்சுவா அதற்குமேல் அன்ராக் எழுதவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, இலவச அனுமதி நாள், சனம் நிறைந்த நேரம் பார்த்துப் போனாள். புட்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் ஐஸ்கிறீமைப் பறித்துக்கொண்டிருந்தார். பேர்பெச்சுவா சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்தாள். மாதாவின் ஆடை தரையில் விழும் இடத்தில் மடிப்புக்குப் பின்னே ஒரு பொந்து. அதற்குள் வெள்ளிக்காலைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். அவ்வளவுதான். நேர்த்தி முடிந்தது. யோசேப்பு மறுகிழமை வேலைக்குப் போனார், மாடிப்படி ஏறினார், கோடை முழுக்கக் கால் ஒரு சொல் சொல்லவில்லை.

புரட்டாதியில் தூசு தட்ட வந்த பெண் பொந்துக்குள் தூரிகையை விட்டாள்.

அடுத்த நாள் பத்திரிகையில் வெள்ளிக்காலின் படம் வந்தது. டொக்டர் வெசல்ஹோஃப் அதை வெள்ளைக் கையுறையில் பிடித்திருந்தார். ஐந்நூற்று எழுபத்தாறு வருடமாக ஒருவர் கண்ணிலும் படாமல் மாதாவின் ஆடைக்குள் கிடந்த நேர்த்திப்பொருள், ஐரோப்பாவிலேயே இப்படியொன்று இல்லை என்று சொல்லியிருந்தார். இரண்டாவது விடயம் உண்மை. ஐரோப்பாவில் அப்படியொன்று இருக்கவில்லைதான்.

ஆராய்ச்சி கிடுகிடுவென்று வளர்ந்தது. ஆறு விரலுக்கு டொக்டர் நாற்பது பக்கம் எழுதினார். ஐந்து விரல் உடலுக்கு, ஆறாவது ஆன்மாவுக்கு. இன்னொரு கருத்தின்படி, படைப்பின் ஆறு நாட்களுக்கு. விரல்களின் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் இருப்பது, உடலை வெறுத்து உணர்ச்சியை நாடிய பிற்கால மத்தியகாலத்தின் உச்சம். அடியிலிருந்த ஆர், சி என்ற எழுத்துகள் ரெஜினா சேலி, லத்தீனில் விண்ணகத்தின் அரசி. பெயர் தெரியாத பழைய கலைஞர்களுக்குத் தாங்களே ஒரு பட்டம் சூட்டிவிடுவது அந்தத் துறையின் வழக்கம். அதன்படி ரவிச்சந்திரனுக்கு 'ஆறாம் விரலின் ஆசான்' என்று பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்த கையோடு, நிலவறையில் கிடந்த இரண்டு பீட ஓவியங்களும் ஒரு மெழுகுதிரித் தண்டும் அதே ஆசானின் கைவண்ணமென்று கண்டுபிடிக்கப்பட்டன.

இதெல்லாம் பேர்பெச்சுவாவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், ஒரு காரியத்தை அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால். வெள்ளிக்காலை மாதாவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மாதா கீழ்மாடியில். கால் மேல்மாடியில், தனி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்புத் துணிமேல், மூன்று விளக்கின் கீழ். மாதாவின் காலடியில் ஒன்றுமில்லை. அந்தக் கிழமையே யோசேப்பின் பாதம் வீங்கத் தொடங்கியது. பழைய காயம் வாய் திறந்தது.

"அது மழைக்காலத்தாலை," என்றார் யோசேப்பு.

"உங்களுக்கென்ன தெரியும்? குடுத்ததை எடுத்துப்போட்டினம். அதை அவவின்ரை காலடியிலை திருப்பி வைக்காட்டி உங்கடை கால் தப்பாது."

பணிப்பாளரைச் சந்திக்க நடாலி டெர்மின் எடுத்தாள். ஐப்பசியில், செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு நிமிடம். டொக்டர் வெசல்ஹோஃப் தேநீர் கொடுத்து, மிக மரியாதையாகச் செவிமடுத்தார். எல்லாவற்றையும் நடாலி சொல்லி முடித்ததும் கேட்டார்:

"நீங்கள் இந்துக்கள் அல்லவா?"

"இல்லை. கத்தோலிக்கர்."

"எப்போதிருந்து?"

நடாலி தாயைக் கேட்டாள். "போத்துக்கீசர் வந்த காலந்தொட்டு எண்டு சொல்லு. ஆயிரத்தைஞ்ஞூத்து நாப்பது சொச்சம்."

டொக்டரின் முகம் இரக்கத்தால் கனிந்தது. "பாருங்கள், கால் 1430ஆம் ஆண்டுக்குரியது. நீங்கள் கத்தோலிக்கராவதற்கே அதிலிருந்து நூறு வருடம் பிந்திவிட்டது. காலவரிசை இடங்கொடுக்கவில்லை."

"அந்தக் காலைச் செய்தவர் வுப்பர்டாலில் உயிரோடு இருக்கிறார்," என்றாள் நடாலி.

"அன்புக்குரிய இளம்பெண்ணே, பக்தியை நான் முப்பத்தைந்து வருடமாகப் படிக்கிறேன். ஒன்று சொல்கிறேன். உண்மையான பக்தி முடிந்துவிட்டது. முடிந்ததனால்தான் அதைத் துல்லியமாக ஆராய முடிகிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் வந்து 'நான் பக்தியுடையவள்' என்று சொன்னால், அதை வைத்து விஞ்ஞானம் என்ன செய்வது? அடிக்குறிப்பில் எப்படிப் போடுவது?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனால் உங்கள் அம்மாவின் ஈடுபாடு என்னைத் தொட்டது. திறப்பு விழாவுக்கு வாருங்கள். உங்கள் பண்பாட்டுச் சிற்றுண்டி ஏதாவது கொண்டுவந்தால் மகிழ்வோம்."

பேர்பெச்சுவா வெளியே வந்து, அருங்காட்சியகத்தின் வாசலிலேயே காறித் துப்பினாள். நடாலி அதுவரை தாயை அப்படிக் கண்டதில்லை.

திறப்பு விழாவுக்குப் பேர்பெச்சுவா பண்பாட்டுச் சிற்றுண்டி கொண்டுபோகவில்லை. ரவிச்சந்திரனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் திருமணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். யோசேப்பும் ஊன்றுகோலோடு வந்தார். இருநூறு பேர். நகரசபையினர், வைன் கிண்ணத்தைத் தண்டில் பிடிக்கத் தெரிந்தவர்கள், ஒற்றை இறால் ஏற்றிய பாண்துண்டைக் கண்மூடிச் சுவைப்பவர்கள். சுவரில் மூன்று ஆள் உயரத்துக்கு ஆறாவது விரலின் படம். அங்கே நின்ற ஒருவராவது கீழே போய் மாதாவைப் பார்க்கவில்லை. அந்த அறையில் விளக்குக்கூட அணைத்திருந்தது.

டொக்டர் வெசல்ஹோஃப் மேடையேறினார்.

"நண்பர்களே, இந்தக் காலைச் செய்தவன் ஒரு மகத்தான பாமரன். எழுத்தறியாதவன், ஆயினும் லத்தீன் அறிந்தவன். உடலைப் பார்க்கத் தெரியாதவனல்லன், பார்க்க மறுத்தவன். அவனுக்கு எண்ணத் தெரியும், ஆனால் எண்ணிக்கையைக் கடந்தான்."

"நான் எண்ண மறந்துபோனன்," என்று ரவிச்சந்திரன் பேர்பெச்சுவாவின் காதில் சொன்னான்.

"அடுத்து, இதைக் கொண்டுவந்து வைத்தவள். ஓர் ஏழைப் பெண். கணவனோ மகனோ நோயுற்றிருக்க வேண்டும். நடுங்கும் கையால் இதை மறைத்து வைத்தாள். ஏன் மறைத்தாள்? யாருக்குப் பயந்தாள்? எந்த அதிகாரம் அவளைத் தடுத்தது? இன்று நாம் அவளுக்காக வெட்கப்படுகிறோம். அவளுடைய குரலை ஒரேயொரு தடவை கேட்கக் கிடைத்தால் என் முப்பத்தைந்து வருட ஆராய்ச்சியையும் கொடுத்துவிடுவேன்." இந்த இடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பேர்பெச்சுவா எழும்பினாள். இருபது வருடக் குசினி ஜெர்மனில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "அது நான். இவர் புருசன். இது கால். என்ரை காலை மாதாவிட்டைத் திருப்பி வையுங்கோ." கடைசி வசனம் தமிழில்தான் வந்தது.

ரவிச்சந்திரனும் எழும்பித் தன் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தான். "ஆர், சி. ரவி, சந்திரன். ஆறாம் விரலின் ஆசான்."

டொக்டர் வெசல்ஹோஃப் ஒரு கணம் வெளிறினார். மறுகணம் அந்த மனிதரின் படிப்பெல்லாம் உதவிக்கு வந்தது. "நன்றி," என்றார் இரண்டு கையையும் விரித்து. "எங்கள் புலம்பெயர்ந்த நண்பர்களின் இந்த நிகழ்த்துகலைக்கு நன்றி. கடந்தகாலத்தின் ஊமைப் பெண்ணுக்கு நிகழ்காலம் குரல் கொடுக்கிறது."

இருநூறு பேரும் கைதட்டினார்கள். சிலர் எழுந்துநின்று தட்டினார்கள். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இதை ஒவ்வொரு ஞாயிறும் செய்வீர்களா என்று ரவிச்சந்திரனிடம் கேட்டாள். பேர்பெச்சுவாவின் கையில் யாரோ ஒரு இறால் துண்டைத் திணித்தார்கள். யோசேப்பின் பாதத்தில் கட்டியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்த ஒருவர், மிக இயல்பாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். இவர்களுக்குப் பொய் சொன்னால் ஆராய்வார்கள், உண்மையைச் சொன்னால் கைதட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுசி நின்று என்னதான் செய்வது?

உண்மையைக் கடைசியில் கண்டுபிடித்தது விஞ்ஞானமுமல்ல, மனச்சாட்சியுமல்ல. காப்புறுதிக்காரர்கள். ஹனோவரிலுள்ள அருங்காட்சியகமொன்று வெள்ளிக்காலை இரவல் கேட்டது. கண்காட்சிப் பொருள் பயணம் போவதென்றால் உலோகத்தைச் சோதிக்க வேண்டுமென்று காப்புறுதிக் கம்பனி பிடிவாதமாக நின்றது. சோதித்தார்கள். ஒட்டுவேலைக்குப் பயன்பட்ட ஈயக்கலவை, உற்பத்தியான ஆண்டு 2000க்குப் பிறகு. ஆறாவது விரலின் படம் ஒரே நாளில் சுவரிலிருந்து இறங்கியது. டொக்டர் வெசல்ஹோஃப் ஆய்வுநூல் எழுதுவதற்காக நீண்ட விடுமுறையில் போனார்.

தை மாதம் பேர்பெச்சுவா வீட்டுக்குக் கடிதம் வந்தது. நடாலி குசினி மேசையில் வைத்து வாசித்து, தமிழில் சொன்னாள். யோசேப்பு பாதத்தை ஒரு கதிரைமேல் தூக்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி டொக்டரிடம் போகவேண்டும், எடுப்பதா விடுவதா என்று அன்றுதான் முடிவு.

"கால் பழசில்லையாம். அதாலை ஒரு பெறுமதியும் இல்லையாம். ஆரின்ரை சாமான் எண்டு உறுதிப்படுத்த ஏலாமல் போனதாலை, சட்டப்படி உலோகக் கழிவிலை போட்டாச்சாம்."

பேர்பெச்சுவா அடுப்பை நிற்பாட்டினாள்.

"போனால் போகட்டும்," என்றார் யோசேப்பு. "நீ குடுத்தனி. எறிஞ்சது அவையின்ரை பாவம்."

"பொறுங்கோ அப்பா, இன்னும் கிடக்கு." நடாலி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "மாதா 1430 எண்டு முதல் பூச்சைப் பாத்துச் சொன்னவை, பிறகு அதுக்கு இந்தக் காலைத்தான் பெரிய சாட்சியாக் காட்டினவையாம். இப்ப கால் பிழைச்சபடியாலை, மாதாவிலையும் சந்தேகமாம். நூறு வருசத்துக்கு முதல் செய்த பிரதியோ தெரியாதாம். திரும்பச் சோதிக்கப் போகினம். பழசில்லையெண்டு வந்தால் அவவையும் கழிச்சுப் போடுவினமாம்."

பேர்பெச்சுவா திரும்பினாள். "என்ன சொன்னனி? திருப்பிச் சொல்லு."

நடாலி திருப்பிச் சொன்னாள்.

பேர்பெச்சுவா கையைத் துடைத்தாள். குசினித் தரையிலேயே முழங்காலில் நின்று, கண்ணை மூடி, கை இரண்டையும் குவித்தாள். உதடு நன்றாக அசைந்தது. சத்தமும் கேட்டது.

"மாதாவே, வியாகுலத் தாயே, நீங்கள் பழசில்லையெண்டு வரவேணும். உங்களுக்கு ஒரு சதப் பெறுமதியும் இல்லையெண்டு அவை கண்டுபிடிக்கவேணும். அவைக்கு நீங்கள் ஒண்டுக்கும் உதவாமல் போகவேணும் தாயே, எங்களுக்கு நீங்கள் வேணும்."

யோசேப்பு தலையைக் குனிந்துகொண்டு "ஆமென்" என்றார்.

பேர்பெச்சுவா எழும்பி, நடாலியிடம் தொலைபேசியை நீட்டினாள். "அவைக்கு எடு."

"எடுத்து என்னத்தைக் கேக்க?"

"நாங்கள் வந்த புதிசிலை கட்டில், கதிரை எல்லாம் றோட்டுக்கரையிலைதானே எடுத்தனாங்கள், அந்த ஷ்பெர்மியூல். பெரிய சாமான்களை எறியிற நாள். அருங்காட்சியகத்திலை அதை எண்டைக்கு வெளியிலை வைக்கிறவை எண்டு கேள்."

நடாலி கேட்டாள். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் பணிவாக, உடனேயே பதில் சொன்னாள்: மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு முன்னர், பின்வாசலில்.